பச்சையாக, நுரை நுரையாகப் போகிறாள்: ஏழு வாரக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
முதல் நாள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். மகளுக்கு நேற்றோடு ஏழு வாரம் முடிந்தது. அம்மா வீட்டில் இருக்கிறேன். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேறு கொடுத்ததில்லை. பிறந்தபோது 3.1 கிலோ, போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது 4.5 கிலோ.

பத்து நாளாக ஆய் பச்சையாகப் போகிறது. கொத்தமல்லித் துவையலில் தண்ணீரைக் கலக்கிவிட்ட மாதிரி இருக்கிறது, மேலே சோப்பு நுரை போல ஒரு படலம். நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் படபடவென்று காற்றோடுதான் வருகிறது. பால் குடிக்க ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் புரை ஏறுகிறது, வாயை எடுத்துக்கொண்டு வீறிடுகிறாள், காலை வயிற்றோடு மடக்குகிறாள்.

எனக்குப் பால் அதிகம். ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் ரவிக்கை நனைந்துவிடும். கட்டிக்கொள்ளுமோ என்று பயந்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து நிமிடமாக மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன்.

ஆயா இதை மாந்தம், அதாவது செரிக்காத கோளாறு என்கிறார்கள். நாளைக் காலை தொக்கம் (வயிற்றில் சிக்கியதாகச் சொல்வதை வெளியே எடுக்கும் நாட்டு வைத்தியம்) எடுக்கப் போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் காட்டிய மருத்துவர் மலத்தைச் சோதித்துவிட்டு, பாலில் உள்ள சர்க்கரை சேரவில்லை, தாய்ப்பாலை நிறுத்தி டப்பாப் பால் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். டப்பா அலமாரியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கண்டனூர் மருமகள்
முதல் நாள், இரவு 11.58

பிரிக்காதே தங்கச்சி. நான் பிரித்தேன். என் பையனுக்கும் இதே பச்சை, இதே நுரை. பத்து நாள் டப்பாப் பால் கொடுத்துவிட்டு மறுபடி தாய்ப்பாலுக்கு வரலாம் என்றுதான் நினைத்தேன். பத்தாம் நாள் எனக்குப் பால் முக்கால்வாசி வற்றிவிட்டது, அவனும் மார்பில் வாய் வைக்க மறுத்துவிட்டான். அவனுக்கு இப்போது நாலு வயது, நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த நாலு மாதத்துப் பாலை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. கல்லல் பக்கம் செவிலியாக இருந்த அக்கா இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சொல்லும் வரை எதையும் மாற்றாதே.

பள்ளத்தூர் ஆச்சி
இரண்டாம் நாள், காலை 5.20

நாலு பிள்ளை, ஏழு பேரப்பிள்ளை வளர்த்தவள் எழுதுகிறேன். பச்சையாகப் போனால் சீர் என்கிற பிள்ளை நோய் தட்டியிருக்கிறது என்று அர்த்தம். வசம்பை விளக்கில் சுட்டு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காயோடு தாய்ப்பாலில் உரசி ஒரு சங்கு புகட்டினால் இரண்டு நாளில் நிற்கும். பிள்ளை வளர்ப்பான் என்று வசம்புக்குப் பெயர் சும்மா வரவில்லை. நீயும் கீரை, பூசணி எல்லாம் தள்ளி வை. தாய் தின்றது பிள்ளைக்கு வரும்.

ஓய்வுபெற்ற செவிலி
இரண்டாம் நாள், காலை 7.05

தங்கச்சி, முதலில் தொக்கத்துக்குப் போவதை நிறுத்து. மற்றதை நிதானமாகப் பேசலாம். கிராமத்துச் செவிலியாக 31 வருடம் வேலை பார்த்தவள் நான். உண்மையான வயிற்றுப்போக்கில் நீர் வற்றிக் கிடந்த ஒரு பிள்ளையை மூன்று நாள் தொக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்து, கண் குழி விழுந்து, உச்சிக்குழி அமுங்கிய பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். பிழைத்தது. அந்தத் தாயின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. சேலையில் போட்டு உருட்டி உரம் (சுளுக்கு) எடுப்பதும் வேண்டாம். ஏழு வாரக் கழுத்து அதைத் தாங்காது.

இப்போது உன் மகள். ஆறு வாரத்தில் 1.4 கிலோ ஏறியிருக்கிறாள். இந்த வயதில் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும், உன் பெண் அதற்கு மேலே போகிறாள். பாலின் சர்க்கரை உண்மையிலேயே சேராத பிள்ளை இப்படிக் கொழுகொழுவென்று வளராது. பிறவியிலேயே அந்தக் குறையோடு பிறப்பது அரிதிலும் அரிது. மலத்தில் சர்க்கரை இருப்பதாக வந்த முடிவைப் பற்றிக் கவலைப்படாதே. தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான பிள்ளையின் மலத்திலும் அது காணும்.

நடப்பது இதுதான். மார்பில் முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், சர்க்கரை நிறைய, கொழுப்பு குறைவு. குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்தில் நீ பக்கம் மாற்றினால், இரண்டு பக்கத்திலும் அவளுக்கு நீர்த்த பால்தான் கிடைக்கும். கொழுப்பு குறைந்த பால் குடலில் வேகமாக ஓடும். சிறுகுடலில் செரிக்க நேரமில்லாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். நுரை, காற்று, புளித்த வாடை எல்லாம் அங்கே உண்டாகிறவை. பித்தம் மஞ்சளாக மாறுவதற்குள் வெளியே வந்துவிடுவதால் நிறம் பச்சை. இதில் நோய் எதுவும் இல்லை. பால் அதிகம், வேகம் அதிகம், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தை அவளே விடும் வரை குடிக்கவிடு. அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டால் அதே பக்கத்தையே கொடு. மறுபக்கம் கனத்தால் வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடு, காலியாக்காதே. காலியாக்கினால் இன்னும் ஊறும். பால் இறங்கும்போது பீறிட்டு வந்தால், அந்த முதல் வேகத்தை ஒரு துணியில் விட்டுவிட்டு அப்புறம் வாயில் வை. நீ சாய்ந்து படுத்து அவளை மேலே போட்டுக் கொடுத்தாலும் புரை ஏறுவது குறையும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பால் அதிகமாக இருந்து, பிள்ளை எடையும் நன்றாக ஏறினால் மட்டும்தான் இந்த முறை. எடை ஏறாத பிள்ளைக்கு இதைச் செய்தால் பால் குறைந்துபோகும்.

பள்ளத்தூர் ஆச்சிக்கு: வசம்பு வளையலைக் கையில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வோம் ஆச்சி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. மருத்துவர் எழுதிய சொட்டு மருந்து மட்டும் விலக்கு. உரைகல்லும் சங்கும் கொதிக்கவைத்த சுத்தத்தில் எத்தனை வீட்டில் இருக்கின்றன? வயிற்றுப்போக்கு அங்கிருந்தும் வரும். அப்புறம், கீரையைத் தள்ளச் சொல்லாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரையும் பூண்டுக்குழம்பும் வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி
இரண்டாம் நாள், காலை 9.15

நீ சொல்வது சரி ஆத்தா. சங்கை வெந்நீரில் போட்டு எடுக்கும் வழக்கம் எங்கள் அம்மா காலத்தில் இருந்தது. இப்போது குழாய்த் தண்ணீரில் அலசி வைத்துவிடுகிறோம். மூன்றாவது பேரனுக்கு உரை மருந்து கொடுத்த மறுநாளே பேதி வந்தது. அது வேறு காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தங்குடி அப்பா
இரண்டாம் நாள், மதியம் 1.30

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பையனுக்குப் பிரச்சினை நேர் எதிர். இரண்டரை மாதம், தாய்ப்பால் மட்டும். வெளிக்குப் போய் இன்றோடு ஆறு நாள். முதல் மாதத்தில் பால் குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டே இருந்தான். இப்போது முகம் சிவக்க முக்குகிறான், கால் மணி நேரம் அழுகிறான், ஒன்றும் வருவதில்லை. மற்ற நேரத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். மூத்திரம் நன்றாகப் போகிறது. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்க வேண்டும் என்று வீட்டில் தயாராக இருக்கிறார்கள். டைல்ஸ் பட்டறையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் பதில் தெரிந்தால் நல்லது.

ஓய்வுபெற்ற செவிலி
இரண்டாம் நாள், மதியம் 2.10

காம்பு வேண்டாம் தம்பி. சோப்புக் குச்சியும் வேண்டாம். ஆறு வாரம் தாண்டிய தாய்ப்பால் பிள்ளைகள் ஒரு வாரம், பத்து நாள்வரைகூடப் போகாமல் இருப்பது உண்டு. பாலை உடம்பு எடுத்துக்கொண்டு மிச்சம் வைப்பதில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறான் என்பதைவிட, போகும்போது எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். ஆறாம் நாள் போனாலும் பேஸ்ட் மாதிரி இளகிப் போனால் மலச்சிக்கல் இல்லை. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டையாகப் போனால்தான் மலச்சிக்கல்.

அந்த முக்கல் வேறு. வயிற்றை அழுத்தும் அதே நேரத்தில் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். அந்தப் பழக்கம் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. காம்பு வைத்தால், காம்பு வந்தால்தான் போக வேண்டும் என்று பழகிக்கொள்வான். முழங்காலை வயிற்றோடு மெதுவாக மடக்கிக் கொடுங்கள், சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அது போதும்.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் கருமலம் போனான்? வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறதா? கருமலம் முதல் நாளிலேயே போய்விட வேண்டும். 48 மணி நேரம் தாண்டியிருந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ குடல் நரம்புக் குறையாக இருக்கலாம். அப்படியானால் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளை இப்படி நாள் கணக்கில் போகாமல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் பால் போதவில்லை என்றுதான் அர்த்தம், உடனே எடை பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடி அப்பா
இரண்டாம் நாள், இரவு 8.45

பிறந்த பத்து மணி நேரத்தில் கருமலம் போனான். வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. காம்பைத் தூக்கிப் போட்டாயிற்று. காத்திருக்கிறோம்.

(பிறகு சேர்த்தது: போகாமல் இருந்து எட்டாம் நாள் விடியற்காலை போனான் அக்கா. மஞ்சள், வெண்ணெய் மாதிரி. தூளித்துணி, என் வேட்டி எல்லாம் போயிற்று. வீடே சந்தோஷப்பட்டது.)

புதுவயல் அம்மா
மூன்றாம் நாள், இரவு 10.20

பச்சைக்கு இவ்வளவு பேர் பதறி எழுதுகிறீர்கள். பச்சையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் நானும் வந்தேன். நான் பார்க்கத் தவறியது வெள்ளை.

2014-இல் என் மகன் பிறந்தான். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டு என்றார்கள், காட்டினேன். இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. தாய்ப்பால் காமாலை என்று ஒன்று உண்டு, தானாகப் போகும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை, பலருக்கு அப்படித்தான். ஆனால் அவன் ஆய் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் சந்தனம், கடைசியில் எங்கள் வளவுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி பளிச்சென்ற வெள்ளை. பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு வெள்ளையாகத்தானே போகும் என்று எண்ணிக்கொண்டேன். கொடியில் காயும் துணியில் மூத்திரக் கறை துவைத்தும் போகாமல் மஞ்சளாக நின்றது. பச்சைப்பிள்ளை மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

41-ஆம் நாள் வீட்டுக்கு வந்த செவிலியம்மா கொடியைப் பார்த்தார்கள். பிள்ளையைக் கையில் எடுக்கும் முன்பே, நேற்றுப் போன துணி இருக்கிறதா என்று கேட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் அவர்கள் முகம் மாறியது. இரத்தத்தில் பிலிரூபின் (காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள்) மொத்தமும் நேரடியும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி அன்றைக்கே அனுப்பினார்கள். பித்தக்குழாய் அடைப்பு. பித்தம் குடலுக்கு இறங்கினால்தான் மலத்துக்கு மஞ்சளும் பச்சையும் வரும். இறங்காவிட்டால் வெளுக்கும், கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். 54-ஆம் நாள் சென்னையில் அறுவை நடந்தது. ஜப்பானிய மருத்துவர் கசாய் 1950-களில் தொடங்கிய முறை அது. குடலையே மேலே இழுத்துக் கல்லீரலோடு சேர்க்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் கூடுதல் என்று அங்கே சொன்னார்கள். ஆறு நாள் மிச்சம் வைத்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், சைக்கிள் ஓட்டுகிறான். அதே வார்டில் எங்களோடு இருந்த எல்லாப் பிள்ளைகளும் இப்படி இல்லை. அறுவைக்குப் பிறகும் கல்லீரல் மாற்ற வேண்டி வந்தவர்கள் உண்டு.

தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிறம் பார்க்கும் அட்டை கொடுக்கிறார்கள். எந்த நிறம் சரி, எந்த நிறம் ஆபத்து என்று படம் போட்டிருக்கும். அப்படி ஒன்று என் கையில் இருந்திருந்தால் இருபதாம் நாளே நான் ஓடியிருப்பேன். இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால் ஆயையும் மூத்திரத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், துணியையே கொண்டுபோனாலும் தப்பில்லை.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
மூன்றாம் நாள், இரவு 11.05

படித்துவிட்டு அழுதுவிட்டேன் அக்கா. மகள் கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாக இருக்கிறது. துணியையும் பார்த்தேன், கறை இல்லை.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
எட்டாம் நாள், மாலை 6.30

ஒரு பக்கம் மட்டும் கொடுக்க ஆரம்பித்து ஆறு நாள். முதல் இரண்டு நாள் மறுபக்கம் கல்லாகி உயிர் போயிற்று. இப்போது பழகிவிட்டது. நுரை நின்றது. நேற்றிலிருந்து கடுகு அரைத்த மாதிரி மஞ்சள், நடுவில் சின்னச் சின்ன விதை போல. நாளைக்கு நாலு தடவைதான். புரை ஏறுவதும் நின்றது. டப்பாவை அப்பா கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயா மட்டும், தொக்கம் எடுக்காமலே சரியானது அதிசயம் என்கிறார்கள்.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
பதினேழாம் நாள், காலை 6.10

மறுபடி வந்திருக்கிறேன். இன்று காலை ஆயில் இரத்தம். சிவப்பு நூல் மாதிரி இரண்டு, மூன்று இழை, கூடவே சளி. நேற்றும் இருந்ததோ என்று சந்தேகம். நல்ல மாதிரி குடிக்கிறாள், சிரிக்கிறாள், காய்ச்சல் இல்லை. கை நடுங்குகிறது.

ஓய்வுபெற்ற செவிலி
பதினேழாம் நாள், காலை 6.25

இன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும் கண்ணு. ஆனால் நடுங்க வேண்டாம். கிளம்புவதற்குள் சிலது பார்த்துச் சொல். விட்டு விட்டு வீறிட்டு அழுது, இடையில் வெளுத்துத் துவண்டு போகிறாளா? வாந்தி பச்சையாக வருகிறதா? ஆய் சிவப்பு ஜெல்லி மாதிரி இருக்கிறதா? உடம்பு சுடுகிறதா? மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே காத்திருக்கக் கூடாது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடு. அது குடல் செருகலாகவோ தொற்றாகவோ இருக்கலாம், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய காரியம்.

ஒன்றும் இல்லை என்றால், உன் முலைக்காம்பில் வெடிப்பு இருக்கிறதா பார். உன் இரத்தத்தையே அவள் விழுங்கியிருந்தாலும் ஆயில் தெரியும், ஆனால் அது பெரும்பாலும் கறுத்துத்தான் வரும். ஆசனவாயில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
பதினேழாம் நாள், இரவு 9.40

இந்த முறை காரைக்குடியில் வேறொரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை, எடை 5.1 கிலோ. நான் குடிக்கும் மாட்டுப்பாலின் புரதம் என் பால் வழியாகப் போய் அவள் குடலைப் புண்ணாக்குகிறது என்று நினைக்கிறார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், நான்தான் பாலை நிறுத்த வேண்டும், இரண்டிலிருந்து நாலு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பால், தயிர், மோர், நெய், பால்கோவா எல்லாம் கூடாது. எருமைப்பால், ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட இதே புரதம்தானாம், அதுவும் கூடாது. சர்க்கரை நீக்கிய பாலும் உதவாது, ஏனென்றால் தொந்தரவு சர்க்கரையால் இல்லை. பிள்ளை பெற்றதிலிருந்து பால் ஊறட்டும் என்று அம்மா நாளைக்கு மூன்று டம்ளர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி
பதினெட்டாம் நாள், காலை 7.00

நல்ல மருத்துவர் கிடைத்திருக்கிறார். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு இரண்டு, பிள்ளை பெற்ற ஆறு மாதம் வரை கொடுக்கிறார்கள். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, வேறு வேளையில் போடு. கேழ்வரகு, எள், நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடு. ரொட்டி, பிஸ்கட், சத்துமாவுப் பானம் எதை வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கம் பால் பவுடர் என்று இருக்கிறதா படித்துவிட்டு வாங்கு.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
முப்பத்தொன்றாம் நாள், மதியம் 3.15

இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஐந்து நாள் இரத்தமே இல்லை, அப்புறம் மறுபடி ஓர் இழை. அது மறைந்தது, பிறகு மறுபடி. நான் ஒரு சொட்டுப் பால் தொடவில்லை. கறுப்புக் காப்பிதான். மனசு விட்டுப்போகிறது.

பள்ளத்தூர் ஆச்சி
முப்பத்தொன்றாம் நாள், மதியம் 3.40

எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்தாயா ஆத்தா?

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
முப்பத்தொன்றாம் நாள், மாலை 4.30

நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன் ஆச்சி. இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை.

பள்ளத்தூர் ஆச்சி
முப்பத்தொன்றாம் நாள், மாலை 4.42

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுடுவார்களா?

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
முப்பத்தொன்றாம் நாள், மாலை 5.05

இப்போதுதான் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். மாவை எண்ணெயில் ஊற்றும் முன் பால் விட்டுத்தான் தளர்த்துவார்களாம். ஒரு கிண்ணத்துக்கும் மேலே. அது பணியாரம்தானே, பால் இல்லையே என்று அம்மா நினைத்திருக்கிறார்கள். நானும் வாராவாரம் ஆறு, ஏழு தின்றிருக்கிறேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற செவிலி
முப்பத்தொன்றாம் நாள், இரவு 8.00

ஆச்சி, 31 வருட வேலையில் இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

தலைப்பிள்ளைக்காரி, தேவகோட்டை
ஐம்பத்து மூன்றாம் நாள், காலை 10.30

பணியாரத்தையும் நிறுத்திய பிறகு இரண்டு வாரம் இரத்தம் இல்லை, சளி இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மருத்துவர் சொன்னபடி போன திங்கள் ஒரு டம்ளர் பால் குடித்துப் பார்த்தேன். புதன்கிழமை அந்தச் சிவப்பு இழை திரும்ப வந்தது. இனிச் சந்தேகமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாக விலகிவிடுமாம், அதுவரை நான் பாலைத் தொடப் போவதில்லை. மகள் 6.2 கிலோ. குப்புற விழப் பார்க்கிறாள்.

ஆச்சி, அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்கள். பால் இல்லாமல் வெள்ளைப் பணியாரம் வருமா?

பள்ளத்தூர் ஆச்சி
ஐம்பத்து மூன்றாம் நாள், காலை 11.10

வராமல் என்ன. ஓர் உழக்கு பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள், அதே உழக்கின் மேலே கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைக்கச் சொல். உப்பு, ஒரு கரண்டி சீனி. பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைக்கட்டும். எண்ணெய் அதிகம் காயக் கூடாது, காய்ந்தால் சிவந்துவிடும். ஒவ்வொன்றாக ஊற்றி, தானாக மேலே எழும்பி வந்ததும் திருப்பி எடுக்கச் சொல். உன் அம்மாவை மனசு சங்கடப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.